பிறவுணிக்குக் கட்டிய வெள்ளைக் கொடி

அப்பா,

இன்று காலை கோப்பியின் கழுத்துப்பட்டியைக் கழற்ற எனக்கு நெடுநேரம் பிடித்தது. கொளுக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. கழற்றிய பட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அலுமாரியைத் திறந்து, உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கிற தட்டில் வைத்தேன். அந்தக் கூட்டுக்குள்தான் பிறவுணியின் வில்லை கிடக்கிறது, கொழும்பு மாநகரசபை நாய்களுக்குக் கொடுத்த அந்த லைசன்ஸ் தகடு. எடுத்து மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். நீங்கள் உண்ணி பிடுங்கிப் போடுகிற சிரட்டையின் மண்ணெண்ணெய் மணம் வரும் என்று நினைத்தேன். ஒரு மணமும் வரவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு எப்படி வரும்?

கோப்பியை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு, வெள்ளவத்தையில் கடலோரத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடந்து கத்தியவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கோப்பி நிறம், அதுதான் பெயர். விடியற்காலை பல்கனிக் கதவருகே தன் பாயிலேயே போய்விட்டான். மிருக வைத்தியரிடமிருந்து இரண்டு பேர் வந்து பையில் சுற்றி எடுத்துப்போனார்கள். மாடிக்காரர் யாரும் பார்க்கக்கூடாது என்று நான் அவர்களைச் சாமான் ஏற்றுகிற லிப்டில் போகச் சொன்னேன்.

பிறகு நான் வேலை செய்யும் கந்தோருக்குப் போன் எடுத்து, காய்ச்சல் என்றேன்.

பக்கத்து மேசைப் பெண்தான் எடுத்தாள். "ஓமக்கா, குரலே அடைச்சுப்போய்க் கிடக்கு. நல்லாப் படுங்கோ. பின்னேரம் கொத்தமல்லி அவிச்சுக்கொண்டு வாறன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவள் சொன்னால் செய்கிறவள். பின்னேரம் கட்டாயம் வந்து நிற்பாள். அதுவரை என்னோடு நானே இருக்கப் பயமாக இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பிறவுணி கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தது உங்கள் சாப்பாட்டுப் பையில். கப்பல் முகவர் கந்தோரில் லிகிதராக எழுத்துவேலை பார்த்த உங்களை, வந்த சாமான் சரிபார்க்க ஒருகொடவத்தைக்கு அனுப்புவார்கள். கொள்கலன்களை அடுக்கி வைத்திருக்கிற அந்த முற்றத்தில் எங்கோ கிடந்தவன். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ எடுக்க அம்மா பைக்குள் கையை விட, உள்ளே ஏதோ ஈரமாக நக்கியது. அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வெறும் மேலோடு ஓடி வந்தார்.

"ஒண்டில் இந்த நாய், இல்லாட்டில் நான்" என்றார் அம்மா.

நீங்கள் சேட்டைக் கழற்றிக்கொண்டே, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றீர்கள்.

அம்மா ஒரு கிழமை உங்களோடு கதைக்கவில்லை. அடுத்த கிழமை, சந்தையிலிருந்து மீன் கொண்டுவருகிறவரிடம் தலைத் துண்டைத் தனியாகக் கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் முதல் சாப்பாடு யாருக்கு என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

அது யுத்த காலம், ஆமியும் பொலிசும் வீட்டுக்கு வீடு சோதனைக்கு வருவார்கள். வந்தவர்கள் உங்கள் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடம் என்று யாழ்ப்பாணம் இருக்கிற வரியில் விரலை வைத்து, கொழும்புக்கு என்ன அலுவலாக வந்தது என்று கேட்பார்கள். நீங்கள் கொழும்புக்கு வந்து, வேலை எடுத்து, கல்யாணம் கட்டி, நான் பிறந்து உயர்தர வகுப்பு படிக்கிற அளவுக்கு வளர்ந்தும்விட்டேன். கேள்வி மட்டும் மாறவில்லை. அவர்கள் போன பிறகு நீங்கள் பிறவுணியின் கழுத்து வில்லையைத் தூக்கிக் காட்டி, "இந்த வீட்டிலை கொழும்பான் எண்டு கழுத்திலை எழுதி வைச்சிருக்கிறது இவன் ஒருத்தன்தான்" என்பீர்கள். நானும் அம்மாவும் சிரிப்போம். சிரித்தால் நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் இறங்கும்.

நகரத்தில் குண்டு வெடித்த ஒரு நாளுக்கு மறுநாள் எங்கள் ஒழுங்கையின் ஆம்பிளைகளை எல்லாம் டிரக்கில் ஏற்றினார்கள். நீங்களும் ஏறினீர்கள். பிறவுணி டிரக்கின் பின்னால் ஓடினான். நானும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னோம். பொலிசுக்குப் போய் விசாரித்தால் எங்களையும் பிடித்து வைப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். எங்களுக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது.

அங்கே நடந்ததை நீங்கள் பிறகு பகிடியாகத்தான் சொன்னீர்கள். காலையில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரன் உள்ளே வந்து, வாசலில் இரவு முழுக்கக் குந்திக்கொண்டிருக்கிற நாய் யாருடையது என்று கேட்டானாம். அடைத்து வைத்திருந்த அத்தனை பேருக்கும் நடுவில் நீங்கள் கையைத் தூக்கினீர்களாம். "அண்டைக்குக் கேட்ட கேள்வியளுக்குள்ளை எனக்கு விடை தெரிஞ்சது அது ஒண்டுதான்" என்றீர்கள். மத்தியானம் உங்களை விட்டதும் இரண்டு பேருமாக நடந்து வந்து சேர்ந்தீர்கள். சாப்பிட்டுக்கொண்டு இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, சோற்றைப் பிசைந்தபடி, "வேறை ஒருத்தரும் வரேல்லைத்தானே" என்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னீர்கள். அம்மா அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

உங்கள் தலைமை லிகிதரை எனக்கு அப்போது முகம் தெரியாது. சிங்களவர், கொழும்புக்கு வெளியே ஏதோ கிராமம், வேலையில் கறார் என்று மட்டும் தெரியும். அவருடைய தம்பி ஆமியில் இருந்து வடக்கில் செத்துப்போனான். கந்தோர் முழுவதும் வெள்ளை உடுத்து பஸ் பிடித்து அந்தச் செத்தவீட்டுக்குப் போனது. நீங்களும் வருவதாகத்தான் சொல்லியிருந்தீர்கள். அம்மா வெள்ளைச் சேட்டை ஸ்திரி போட்டுக் கதிரையில் தொங்கவிட்டிருந்தார். விடியப் பார்த்தால் நீங்கள் சாரத்தோடு தண்ணீர்ப் பைப்படியில் குந்தியிருந்து பிறவுணிக்கு உண்ணி பிடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

"போகேல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"வயித்தோட்டம் எண்டு சொல்லியனுப்பிப் போட்டன்."

அன்றைக்கு முழுக்க உங்கள் வயிறு நன்றாகத்தான் இருந்தது. உண்ணியை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெய்ச் சிரட்டைக்குள் போட்டபடி இருந்தீர்கள். பிடுங்குவதற்கு உண்ணி இல்லாமல் போன பிறகும் அவனுடைய காதை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. போகப் பயந்திருப்பார், சரிதானே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தலைமை லிகிதர் உங்களோடு வேலை விஷயம் தவிர வேறொன்றும் கதைப்பதில்லை என்று அம்மாவுக்குச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

பிறவுணிக்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்த பிறகு அவனை நீங்கள்தான் வாய்க்காலடிக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள். அவன் வெட்கத்தோடு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். நீங்களும் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அவன் போன அன்று காலை நான் வெள்ளெனவே டியூசனுக்குப் போய்விட்டேன். நடந்ததைப் பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். நீங்கள் அவனைப் பைப்படியில் கிடத்தி, சாக்கால் மூடி, தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்தினீர்கள். "நாயெல்லே, மனுசரே?" என்று அம்மா அதை ஊதி அணைத்தார். நீங்கள் சந்திக் கடைக்குப் போய் கந்தோருக்குப் போன் எடுத்து, "வீட்டில் ஒரு மரணம், இன்றைக்கு வர ஏலாது" என்று சிங்களத்தில் சொன்னீர்கள். யார் என்று அவர்கள் கேட்பதற்குள் உங்களுக்கு அழுகை வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு வந்துவிட்டீர்கள்.

கொழும்பில் இப்படி ஒரு சொல் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா, அப்பா? எத்தனை செத்தவீட்டுக்கு நீங்களே போயிருப்பீர்கள். செய்தி போன உடனே கந்தோரின் நலன்புரிச் சங்கத்துப் பொடியன்கள் வானில் கொடியோடு வந்து இறங்குவார்கள். வீட்டுக்காரரிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்த நேரத்தில் கேட்பது மரியாதை இல்லை. சந்தியிலிருந்து வீட்டு வாசல்வரை கயிறு கட்டி வெள்ளைக் கொடி தொங்கவிட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

நான் டியூசன் முடிந்து பஸ்ஸால் இறங்கியபோது சந்தி லைட் மரத்தில் முதல் கொடியைக் கண்டேன். கயிறு எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. அந்த வீடாக இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் அடுத்த வீடாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். எவ்வளவு கேவலமான வேண்டுதல் என்று பிறகு யோசித்து வெட்கப்பட்டிருக்கிறேன். கொடி எல்லா வீட்டையும் தாண்டி எங்கள் கேற்றில் வந்து முடிந்தது. நான் புத்தகங்களைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

முன்னறையில் வெள்ளை உடுப்போடு உங்கள் கந்தோர் ஆட்கள். நடுவில் நீங்கள், கண் வீங்கி, உயிரோடு. சுவரில் ஒரு மலர்வளையம் சாத்தியிருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்தார்.

"ஆரம்மா?"

"பிறவுணி."

"அப்ப கொடி?"

"உன்ர அப்பா போனிலை செத்தவீடு எண்டு சொல்லிப்போட்டார். அவங்கள் கொடியைக் கட்டிப்போட்டு வந்து ஆர் எண்டு கேக்கிறாங்கள். நாய் எண்டு சொல்லுறதே? யாழ்ப்பாணத்திலை சித்தப்பா எண்டு சொல்லிப்போட்டன்."

"சித்தப்பா உயிரோடை எல்லோ இருக்கிறார்?"

"எனக்குத் தெரியாதே? வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைப் போடு."

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணப் பாதை யுத்தத்தால் மூடியிருந்த காலம், சித்தப்பாவிடமிருந்து கடிதம் வருவதே அபூர்வம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்துப்போனார் என்றால் கொழும்பில் ஒருவரும் எப்படி, எப்போது என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் அவர்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். அவசரத்துக்குக் கைக்கெட்டிய சாவு அதுதான். தேத்தண்ணி போட்டபோது எனக்கு இருந்த ஒரே கவலை, பைப்படியில் சாக்கை யாரும் தூக்கிப் பார்த்துவிடக்கூடாது என்பதுதான்.

தட்டத்தோடு நான் முன்னறைக்கு வந்தபோது தலைமை லிகிதர் உங்களுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நரைத்த மீசை, பருத்த உடம்பு. உங்கள் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார். "மல்லி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்" என்றார் சிங்களத்தில். தம்பி என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது. அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெரிய மனுஷன் எங்கள் வீட்டில், எங்கள் கதிரையில் இருந்து குலுங்கி அழுதார்.

அம்மா என்ன சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் உங்களுக்கு விளங்கியது. நீங்கள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தீர்கள். அம்மா கதவுச் சீலையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நானும் ஆட்டினேன். ஓம் என்று ஒரு சொல், அல்லது ஒரு சொல்லும் இல்லாமல் சும்மா இருந்தாலே போதும். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நீங்கள் கையை மெதுவாக இழுத்துக்கொண்டீர்கள்.

"மாத்தயா, என் தம்பி இருக்கிறான். செத்தது என் நாய்" என்றீர்கள் சிங்களத்தில். நீங்கள் அதோடு நிறுத்தவில்லை. "உங்கள் தம்பியின் செத்தவீட்டுக்கு நான் வராதது வயிற்றோட்டத்தால் இல்லை. வரப் பயமாக இருந்தது. பிறகு உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இப்போது நீங்கள் அழுவதை நான் வாங்கிக்கொள்ள ஏலாது."

கொடி கட்டிய பொடியன்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தான், மூக்கால் வந்துவிட்டது. தலைமை லிகிதர் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நாய்" என்று ஒருதரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு வானில் போய் ஏறினார். நான் தட்டத்தைப் பிடித்தபடி நின்றேன். ஒருவரும் தேத்தண்ணி எடுக்கவில்லை.

பொடியன்கள் கொடியைக் கழற்றிக்கொண்டு போனது இன்னும் மோசம். கட்டும்போது பார்க்காத சனமெல்லாம் கழற்றும்போது வாசலுக்கு வந்து பார்த்தது. என்ன, ஏன் என்று கேட்க, அவன்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். கயிறு சந்திக்குப் போய்ச் சேருவதற்குள் கதையும் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா குசினி மூலையில் குந்தியிருந்து அழுதார். பிறவுணிக்கா, மானத்துக்கா என்று நான் கேட்கவில்லை. மலர்வளையத்தை மட்டும் மறந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தோண்ட ஒரு முழம் மண் கிடையாது. எடுத்த இடத்திலேயே வைப்போம் என்று ஒருகொடவத்தைக்கு ஓட்டோ பிடித்தீர்கள். சிங்களம் சரளமாகக் கதைப்பேன் என்று என்னையும் கூட்டிப்போனீர்கள். ஓட்டோவுக்குள் ஒரு தமிழரும் மகளும், மடியில் வெள்ளைச் சீலையால் சுற்றிய பெரிய பொதி. அந்தக் காலத்தில் சோதனைச் சாவடியில் இப்படிப் போய் நிற்க எங்களுக்கு மூளை இல்லையா என்று இப்போது நினைக்கிறேன். ஆமிக்காரன் பொதியைக் கண்டதும் துவக்கை நிமிர்த்தி, எங்களை இறங்கச் சொன்னான். பொதியைத் தெருவில் வைத்து அவிழ்க்கச் சொன்னான். பக்கத்தில் பஸ் ஒன்றை மறித்து வைத்திருந்தார்கள். பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் ஜன்னலால் எட்டிப் பார்த்தது.

நீங்கள் முழங்காலில் இருந்து சீலையை அவிழ்த்தீர்கள். அவன் துவக்கு நுனியால் புரட்டப் போனபோது, தலைக்குக் கீழே உங்கள் கையைக் கொடுத்து, "மெல்ல, மகன். தலை தெருவில் அடிபடும்" என்றீர்கள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட வேண்டும்போல் இருந்தது. இந்த மனுஷன் என் அப்பா இல்லை என்று சொல்ல முடியுமானால் சொல்லியிருப்பேன். அவன் குனிந்து வில்லையைத் தூக்கிப் பார்த்து, இலக்கத்தை வாசித்து, "லைசன்ஸ் இருக்கு" என்று மற்றவனுக்குச் சொன்னான். பிறகு எங்கள் இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு போய் வெகுநேரம் வைத்திருந்தான். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். உங்கள் பழைய பகிடி உங்கள் வாய்வரை வந்தது எனக்குத் தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முற்றத்துக் காவல்காரர் வேலியோரம் தோண்டித் தந்தார். மண்ணைப் போடுவதற்கு முன் வில்லையைக் கழற்றி என் கையில் தந்து, "வைச்சிரு, பிள்ளை" என்றீர்கள். நான் பார்க்காமலே சட்டைப் பைக்குள் போட்டேன்.

ஒழுங்கையில் எங்கள் வீட்டுக்கு நாய்ச் செத்தவீடு என்று பெயர் வந்தது. பூசைக்குப் போனால் பின் வாங்கில் இருந்து யாராவது நாய்போலக் குலைப்பார்கள். கந்தோரிலும் நீங்கள் நடந்தால் குலைப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. கொஞ்ச நாளில் உங்களை ஒருகொடவத்தை முற்றத்துக்கே நிரந்தரமாக மாற்றினார்கள். வெயிலும் தூசியும். உங்கள் இருமல் அங்கே தொடங்கினதுதான். ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே, அப்பா? எல்லாரையும் வெக்கப்படுத்திப் போட்டியள்."

நீங்கள் கோபிக்கவில்லை. "உன்ர சித்தப்பா இருக்கிறான். பிறவுணி இல்லை. ரெண்டையும் மாத்திச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை, பிள்ளை" என்றீர்கள். பிறகு, "வயித்தோட்டம் ஒருக்காச் சொன்னது போதும்" என்றீர்கள்.

எனக்கு அது விளங்கவில்லை, விளங்க விருப்பமும் இல்லை. என் ஆத்திரத்துக்கு வேறு வழி கண்டுபிடித்தேன். யாராவது இந்தக் கதையை எடுத்தால், அப்பா உண்மையில் யாழ்ப்பாணத்துச் சனத்துக்காகத்தான் அழுதவர், வெளியில் அழ ஏலாமல் நாயைச் சாட்டி அழுதவர் என்று சொல்லத் தொடங்கினேன். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அப்படிச் சொன்னால் அதில் ஒரு மரியாதை இருந்தது. எத்தனையோ மனுஷர் செத்துக்கொண்டிருந்த காலத்தில் என் அப்பா ஒரு நாய்க்கு அழுதார் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பாதை திறந்து சித்தப்பா கொழும்புக்கு வந்து, அம்மா தன்னைக் கொன்ற கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில்தான் பெரிய நண்டைப் போட்டார். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு பைப்படிப் பக்கம் பார்த்து, "நல்ல நாய்" என்று மட்டும் சொன்னீர்கள்.

உங்கள் செத்தவீட்டன்று கோயிலில் என்னைக் கதைக்கச் சொன்னார்கள். வேலை, பொறுமை, செபம் எல்லாம் சொன்னேன். பிறவுணியைச் சொல்லவில்லை. வெளியே வந்தபோது வெள்ளைச் சேட்டோடு ஒரு வயதானவர், கையில் மலர்வளையம். மீசை முழுதும் வெளுத்துவிட்டது, ஆனாலும் தெரிந்தது. "மகள், நாயைப் பற்றிச் சொல்லவில்லையே" என்றார் சிங்களத்தில்.

பிறகு தானே சொல்லத் தொடங்கினார். எங்கள் வீட்டில் அன்றைக்கு மறந்துவிட்டுப் போன மலர்வளையத்தோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பஸ் ஏறி அவருடைய கிராமத்துக்குப் போனீர்களாம். பூவெல்லாம் வாடிவிட்டதாம். தம்பியை வைத்த இடத்தைக் காட்டச் சொல்லி வாசலில் நின்றீர்களாம். "நான் உள்ளேதான் இருந்தேன். வீட்டில் இல்லை என்று சொல்லும்படி என் அம்மாவிடம் சொன்னேன். அவர் வாசற்படியில் அதை வைத்துவிட்டு, வெயிலுக்குள் திரும்பிப் போனார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். "கந்தோரில் அவர்கள் குலைக்கும்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. மாற்றல் கடிதத்தில் கையெழுத்து வைத்ததும் நான்தான்."

மலர்வளையத்தைக் குப்பைக்காரன் எடுத்துப்போய்விட்டான் என்றுதான் அம்மா சாகும்வரை நினைத்திருந்தார். நீங்கள் எங்களிடம் சொல்லவே இல்லை. சொல்ல எங்கள் வீட்டில் யார் இருந்தோம்? இருந்தவனைத்தான் ஒருகொடவத்தையில் வைத்துவிட்டு வந்தீர்களே.

நீங்கள் நாய்க்குத்தான் அழுதீர்கள், அப்பா. அதை நாய்க்கு அழுத அழுகையாகவே விட எனக்கு இத்தனை வருடம் வெட்கமாக இருந்தது. இன்று காலை பாயருகே இருந்து நானும் அப்படித்தான் அழுதேன். வேறு யாருக்காகவும் இல்லை, வேறு எதற்காகவும் இல்லை. அழுது முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, காய்ச்சல் என்று சொன்னேன். யுத்தம் இல்லை, சாவடி இல்லை, குலைக்க யாரும் இல்லை. அப்படியிருந்தும் சொன்னேன்.

மணி அடிக்கிறது. வந்துவிட்டாள். கதவுக்கு இந்தப் பக்கமே கொத்தமல்லி மணக்கிறது. வழக்கமாக அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டாலே கோப்பி ஓடிப்போய்க் கதவைச் சுரண்டுவான். இன்றைக்குச் சுரண்டல் இல்லாததை அவள் கவனித்திருப்பாள். வில்லை என் உள்ளங்கையில்தான் இருக்கிறது.

கதவைத் திறக்கப் போகிறேன், அப்பா. பிளாஸ்கைக் கையில் வாங்குவதற்கு முன்னால் சொல்லவேண்டும்.